பல்கலைக்கழகத்தில் ஓவியம்: பகுதிநேரம் போதுமா?

திருச்சி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடக்கே பார்த்தால், காவிரிக்கு அப்பால் தென்னை மரங்களுக்கு நடுவே ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள் தெரியும். முதன்முதலாக ஓவியம் கற்க வரும் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்று, கண்ணில் படுவதை வரையச் சொன்னால், பெரும்பாலோர் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். ராஜகோபுரத்தைத் தாளின் பாதி உயரத்துக்கு எழுப்பிவிடுகிறார்கள். அது 236 அடி உயரம், 13 நிலைகள் கொண்டது என்று அவர்களுக்குத் தெரியும், தெரிந்ததை வரைகிறார்கள். கையை நேராக நீட்டி, பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடி அளந்து பார்க்கச் சொல்வேன். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் அந்தக் கோபுரம், நீட்டிய கையின் கட்டைவிரல் நகத்தைத் தாண்டாது. அறிந்தது வேறு, காண்பது வேறு என்பதை மாணவர் உணரும் அந்த நொடிதான் ஓவிய வகுப்பின் முதல் பாடம்.

நான் ஸ்ரீரங்கத்தில் வசிப்பவன். திருச்சியில் உள்ள ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் வாரத்துக்கு இரு நாள்கள் பகுதிநேர ஆசிரியராக ஓவியம் கற்பிக்கிறேன். என் மாணவர்களில் பெரும்பாலோர் ஓவியர் ஆகப் போவதில்லை. கட்டடக்கலை, தாவரவியல், இதழியல், கணினி எனப் பல துறைகளைச் சேர்ந்தவர்கள். இவர்களுக்கு ஓவியம் எதற்கு என்பது ஒரு கேள்வி. அதைக் கற்பிப்பவர் ஏன் எப்போதும் பகுதிநேரமாகவே இருக்கிறார் என்பது மற்றொரு கேள்வி. முதல் கேள்விக்கு நாம் தெளிவாக விடை சொல்லாததால்தான் இரண்டாவது கேள்வி தீராமல் கிடக்கிறது.

காண்பதற்கு ஒரு பயிற்சி

முதல் கேள்வியை இங்கிலாந்தில் கூர்மையாக எழுப்பியவர் ஜான் ரஸ்கின். காந்தியடிகளின் வாழ்வைத் திருப்பிய ‘கடையனுக்கும் கதிமோட்சம்’ நூலின் ஆசிரியராக அவரை நாம் அறிவோம். அவர் ஓவிய ஆசிரியராகவும் இருந்தவர். 1854-ல் லண்டனில் தொழிலாளர் கல்லூரி தொடங்கப்பட்டபோது, பகல் வேலை முடித்து வரும் தொழிலாளர்களுக்கு அங்கே ஓவிய வகுப்பு நடத்தினார். தச்சரை ஓவியராக்குவது அவருடைய நோக்கமாக இருக்கவில்லை. தச்சர் தச்சராகவே இருந்து, ஓர் இலையையும் ஒரு கல்லையும் முன்பைவிட நன்றாகக் காண வேண்டும் என்பதே அவருடைய விருப்பம்.

பின்னர் 1869-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் கலைப் பேராசிரியராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1871-ல் அங்கே ஓவியப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அப்போது அவர் செய்த ஒரு காரியம் நம் கவனத்துக்குரியது. பள்ளியில் கற்பிக்கும் ஓவிய ஆசிரியரின் பணி நிலைத்து நிற்பதற்காகத் தம் சொந்தப் பணத்திலிருந்து 5,000 பவுண்டு அறக்கட்டளை வைத்தார். அப்பணியை ஏற்ற அலெக்சாண்டர் மெக்டொனால்டு பல பத்தாண்டுகள் அங்கே கற்பித்தார். உரை நிகழ்த்தும் பேராசிரியர் வரலாம், போகலாம். கையைப் பிடித்துத் திருத்தும் ஆசிரியர் நிலையாக இருக்க வேண்டும் என்று ரஸ்கின் கருதியிருக்கிறார் என்றே இதைப் புரிந்துகொள்ள முடிகிறது.

காண்பதற்கான பயிற்சி என்றால் என்ன? என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தாவரவியல் மாணவி ஒருவர் செம்பருத்திப் பூவை வரைந்துகொண்டிருந்தார். ஐந்து இதழ்களையும் தனித்தனியாக, ஒன்றையொன்று தொடாமல், குழந்தைகள் வரைவதுபோல் வரைந்திருந்தார். பூவை மீண்டும் பார்க்கச் சொன்னேன். ஒவ்வோர் இதழின் ஒரு விளிம்பு அடுத்த இதழுக்கு மேலேயும், மறு விளிம்பு இன்னோர் இதழுக்குக் கீழேயும் இருப்பதைக் கண்டார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஐயா, இதுதான் திருகு இதழமைவு. தேர்வில் எழுதியிருக்கிறேன்” என்றார். அந்தச் சொல்லைப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்தவர் அவர். பொருளை அன்றுதான் கண்டார்.

திருச்சியிலேயே ஒரு சான்று

அறிவியலுக்கும் கோட்டோவியத்துக்கும் உள்ள உறவுக்குத் திருச்சியிலேயே ஒரு பெரிய சான்று இருக்கிறது. தூய வளனார் கல்லூரியில் உள்ள ராபினாட் உலர்தாவரகத்தை உருவாக்கிய அருள்தந்தை கே.எம். மேத்யூ, தமிழ்நாட்டுச் சமவெளியின் தாவரங்களைப் பற்றிப் பெருந்தொகுதிகளை 1980-களின் தொடக்கத்தில் வெளியிட்டார். அவற்றுள் 1982-ல் வந்த தொகுதி முழுவதும் கோட்டோவியங்களால் ஆனது. 1988-ல் மேலும் ஓர் ஓவியத் தொகுதி வந்தது. இன்றும் களஆய்வுக்குச் செல்லும் தாவரவியலாளர்கள் ஒரு செடியை அடையாளம் காண இத்தொகுதிகளைப் புரட்டுகிறார்கள்.

ஒளிப்படக் கருவி இருக்கும்போது ஓவியம் எதற்கு என்று கேட்கலாம். ஒளிப்படம் ஒரு செடியை, ஒரு வேளையில், ஓர் ஒளியில் காட்டுகிறது. பூச்சி அரித்த இலையும் அதில் விழும். முக்கியமான மயிரிழை நிழலில் மறையும். தாவர ஓவியர் பல மாதிரிகளைப் பார்த்து, அந்த இனத்துக்குரிய பொதுக் கூறுகளை மட்டும் எடுத்து, பூவின் குறுக்குவெட்டையும் விதையின் உருப்பெருக்கத்தையும் ஒரே தாளில் வைக்கிறார். எதை வரைய வேண்டும், எதை விட வேண்டும் என்ற முடிவு ஒவ்வொரு கோட்டிலும் இருக்கிறது. அந்த முடிவு அறிவியல் சார்ந்தது. அதை நிறைவேற்றும் கை ஓவியப் பயிற்சி சார்ந்தது.

உலக அளவிலும் இதற்கு எடுத்துக்காட்டுகள் உண்டு. நரம்பு மண்டலத்தின் அமைப்பை விளக்கியதற்காக 1906-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஸ்பெயின் நாட்டு அறிஞர் சாண்டியாகோ ரமோன் இ காஹல், இளமையில் ஓவியராக விரும்பியவர். நுண்ணோக்கியில் கண்ட நரம்புச் செல்களைத் தம் கையாலேயே வரைந்தார். அவ்வோவியங்கள் இன்றும் நரம்பியல் நூல்களில் இடம்பெறுகின்றன.

கட்டடக்கலைப் படிப்பிலோ ஓவியம் நுழைவாயிலிலேயே நிற்கிறது. ஜே.இ.இ. தேர்வில் கட்டடக்கலைக்கான தாளின் 400 மதிப்பெண்களில் 100 மதிப்பெண்கள் வரைதலுக்கு உரியவை. நுழைவதற்கு இவ்வளவு முக்கியமான திறன், நுழைந்த பின் முதலாண்டில் சில மணி நேரத்தோடு முடிந்துவிடுவதை என்னென்பது?

சட்டத்திலேயே பகுதிநேரம்

இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஓவிய ஆசிரியர் பகுதிநேரமாக இருப்பது யாரோ ஓர் அலுவலரின் கருமித்தனத்தால் நேர்ந்தது அல்ல. அது சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 100 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளியில் முழுநேரத் தலைமையாசிரியர் வேண்டும் என்கிறது. அதை அடுத்து, கலைக்கல்வி, உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகிய மூன்றுக்கும் ‘பகுதிநேரப் பயிற்றுநர்’ வேண்டும் என்கிறது. கணக்குக்கும் மொழிக்கும் ஆசிரியர். ஓவியத்துக்குப் பகுதிநேரப் பயிற்றுநர். இந்தப் பாகுபாடு சொற்களிலேயே தெரிகிறது.

இதன்படி தமிழ்நாட்டில் 2012-ல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டனர். வாரத்துக்கு மூன்று அரை நாள்கள் வேலை. மாதத்துக்கு 5,000 ரூபாய் தொகுப்பூதியம். அத்தொகை படிப்படியாக உயர்ந்து, 2021-ல் 10,000 ரூபாயையும், 2024-ல் 12,500 ரூபாயையும் எட்டியது. மே மாதத்துக்கு ஊதியம் இல்லை என்ற நிலையே ஆண்டுக்கணக்கில் நீடித்தது. பணிநிரந்தரம் கோரி அவர்கள் தொடர்ந்து போராடி வந்துள்ளனர். எண்ணிக்கையும் குறைந்துவிட்டது. விலகியவர்கள், ஓய்வு பெற்றவர்கள், இறந்தவர்கள் இடங்கள் நிரப்பப்படவில்லை.

பள்ளியில் நடப்பதைப் பல்கலைக்கழகக் கட்டுரையில் ஏன் பேச வேண்டும்? என் வகுப்புக்கு வரும் பதினெட்டு வயது மாணவர், கடைசியாக ஓவிய நோட்டைத் தொட்டது ஏழாம் அல்லது எட்டாம் வகுப்பில். பலருடைய ஓவிய வகுப்பு, கணக்கு ஆசிரியர் பாடத்தை முடிக்கக் கடன் கேட்டு வாங்கிய வகுப்பு. அங்கே விட்ட இழையை இங்கே பிடிக்க வேண்டியிருக்கிறது. அதைப் பிடிப்பவரும் பகுதிநேரமே.

உயர்கல்வியில் நிலை வேறு பெயரில் தொடர்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2019-ல் வகுத்த நெறிமுறைப்படி, வருகைதரு ஆசிரியருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய்; மாதத்துக்கு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. உதவிப் பேராசிரியருக்குரிய கல்வித் தகுதி அவருக்கும் வேண்டும். நடைமுறையில் தமிழ்நாட்டின் பல கல்லூரிகளில் வழங்கப்படும் தொகை இதைவிடக் குறைவு. ஓவியத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இருபது ஆண்டுகளாகக் கோயில் சுவர்களிலும் பத்திரிகைகளிலும் வரைந்த கைக்கு முதுகலைப் பட்டமோ, தேசியத் தகுதித் தேர்வுச் சான்றிதழோ இல்லாமல் போகலாம். அப்படிப்பட்டவர் வகுப்புக்குள் வர வேண்டுமானால், அந்த நெறிமுறைக்கு வெளியே, இன்னும் குறைந்த ஊதியத்தில்தான் வர முடிகிறது.

மணிக்கணக்கில் அடங்காத வேலை

ஓவிய வகுப்பை மணிக்கணக்கில் அளப்பதில் அடிப்படையான ஒரு பிழை இருக்கிறது. விரிவுரை வகுப்பில் 40 பேர் இருந்தாலும் 80 பேர் இருந்தாலும் ஆசிரியர் பேசும் நேரம் ஒன்றே. ஓவியத்தில் ஒவ்வொரு மாணவரின் பின்னாலும் போய் நிற்க வேண்டும். அவர் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து, அவர் கண்மட்டத்திலிருந்து பொருளைப் பார்த்தால்தான் தவறு எங்கே என்று தெரியும். ஒருவருக்கு மூன்று நிமிடம் என்று வைத்துக்கொண்டால், 40 மாணவர்களுக்கு 120 நிமிடம். இரண்டு மணி நேர வகுப்பு ஒரே சுற்றில் முடிந்துவிடுகிறது. சொல்லிக்கொடுக்கவோ, பலகையில் வரைந்து காட்டவோ நேரமில்லை. அதற்குள் தலைவர் கையெழுத்திட வேண்டிய வருகைப் பதிவேடு வாசலுக்கு வந்துவிடும்.

வகுப்பு முடிந்த பிறகே வேலையின் மறுபாதி தொடங்குகிறது. ஒரு மாணவர் ஒரு பருவத்தில் பத்துத் தாள்கள் வரைந்தால், 40 பேருக்கு 400 தாள்கள். அவற்றைச் சுருட்டிக்கொண்டு நகரப் பேருந்தில் காவிரிப் பாலத்தைக் கடந்து வீட்டுக்கு எடுத்து வருகிறேன். கூடத்தில் பரப்பி வைத்து, ஒரே மாணவரின் முதல் தாளையும் பத்தாவது தாளையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். மாணவர் எவ்வளவு வளர்ந்திருக்கிறார் என்பதை அறிய இதைத் தவிர வேறு வழியில்லை. இந்த நேரம் எந்த ஊதியப் பட்டியலிலும் இல்லை.

இடமும் ஒரு சிக்கல். பொருளை ஒரு மேசையில் வைத்து, ஒரு பக்கச் சன்னலைத் திறந்து வரையத் தொடங்கினால், அடுத்த வாரம் அதே பொருளை அதே ஒளியில் தொடர முடிய வேண்டும். ஆனால் நான் வகுப்பெடுக்கும் அறை மற்ற நாள்களில் வேறு பாடங்களுக்குரியது. பொருள் அகற்றப்பட்டிருக்கும், பலகைகள் மாடிப்படிக்குக் கீழே கிடக்கும். முந்தைய வாரம் பாதியில் விட்ட நிழல், பாதியிலேயே நின்றுவிடுகிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை, அடுத்த பருவம் இருப்பேனா என்று தெரியாமை. ஆணை பருவத்துக்குப் பருவம் வருகிறது. சில நேரம் பருவம் தொடங்கிச் சில வாரங்கள் கழித்து வருகிறது. அதனால் ஒரு பருவத்துக்குள் முடியும் பாடத்தையே திட்டமிட முடிகிறது. ஓவியமோ மெதுவாக விளையும் பயிர். ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்தில் பின்னங்கால்களில் எழும்பி நிற்கும் குதிரைகளை முதல் பருவத்தில் வரையும் மாணவர், பிடரியையும் கடிவாளத்தையும் வரைவார். குதிரையின் கனம் எங்கே இறங்குகிறது என்று அவருக்குத் தெரியாது. எலும்பையும் தசையையும் எடையையும் பயின்று, ஓராண்டு கழித்து அதே தூணின் முன் மீண்டும் உட்கார்ந்தால்தான் அந்தக் கல்குதிரை தாளில் நிற்கும். மறு ஆண்டு அவரை அங்கே அழைத்துச் செல்லும் உரிமை என்னிடம் இல்லை.

பகுதிநேரம் குறையா?

பகுதிநேரம் என்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. வாரத்தில் நான்கு நாள்கள் தம் ஓவியத்தைத் தாமே வரைந்து, இரண்டு நாள்கள் கற்பிக்க வருபவர், வகுப்புக்குள் வெளியுலகின் காற்றைக் கொண்டுவருகிறார். நேற்று தமக்கு வராத ஒரு கோட்டைப் பற்றி இன்று மாணவரிடம் பேச அவரால் முடியும்.

திருச்சி மாவட்டத்துக்காரரான கே.எம். ஆதிமூலத்தை இங்கே நினைத்துக்கொள்கிறேன். துறையூர் வட்டத்தைச் சேர்ந்த கீரம்பூரில் 1938-ல் பிறந்தவர். ஓவியம் கற்கச் சென்னைக்குப் போனார். 1850-ல் அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்ட்டர் தொடங்கிய ஓவியப் பள்ளியின் வழிவந்த கல்லூரி அது. பின்னர் நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளராகப் பணியாற்றியபடியே, காந்தி நூற்றாண்டையொட்டிக் காந்தியின் உருவங்களைக் கோட்டோவியத் தொடராக வரைந்தார். தமிழ் இதழ்களுக்கும் நூல்களுக்கும் தாம் வரைந்த கோடுகளால் ஒரு தலைமுறையின் கண்ணையே மாற்றினார். நாள் முழுவதும் ஓவியத்துக்கே கிடைக்காதபோதும் பெரிய கலை பிறக்கும் என்பதற்கு அவர் சான்று. ஆனால் அவருக்கு மாதந்தோறும் நிலையான ஓர் ஊதியம் இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. இன்றும் திருச்சியிலிருந்து அரசுக் கவின்கலைக் கல்லூரியில் சேர விரும்பும் மாணவர், கும்பகோணத்துக்கோ சென்னைக்கோதான் போக வேண்டும்.

என்ன செய்யலாம்?

வழிகள் இல்லாமல் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் ‘நடைமுறைப் பேராசிரியர்’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. துறை அனுபவம் உள்ளவர்களை, பட்டத் தகுதி இல்லாவிடினும், அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் பத்து விழுக்காடு வரை நியமிக்கலாம் என்றது. கலைஞர்களையும் கைவினைஞர்களையும் கல்லூரிகளில் தங்கிக் கற்பிக்கச் செய்யும் நெறிமுறையும் வந்தது. கதவு திறந்திருக்கிறது. பெரிய பெயர் உள்ளவர்களைச் சில நாள் அழைத்துச் சால்வை போர்த்தி அனுப்பும் வழக்கமாக அது குறுகிவிடாமல், வாரந்தோறும் வந்து திருத்தும் ஆசிரியருக்கும் அது பயன்பட வேண்டும்.

முதலாவதாக, பகுதிநேர ஆணை குறைந்தது மூன்று கல்வியாண்டுகளுக்கு இருக்கட்டும். இது பணிநிரந்தரத்துக்கு மாற்று ஆகாது; ஆனால் ஒரு மாணவரை அவர் சேர்ந்த நாளிலிருந்து பட்டம் பெறும் நாள்வரை ஒரே ஆசிரியர் காண வழி செய்யும். இரண்டாவதாக, திருத்தும் நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கிட வேண்டும். ஆய்வகத்துக்கு மாணவர்களைக் குழுக்களாகப் பிரிப்பதுபோல், ஓவிய வகுப்பையும் இருபது பேருக்கு மிகாத குழுக்களாகப் பிரிக்க வேண்டும். மூன்றாவதாக, வடக்குப் பக்கச் சன்னல் உள்ள ஓர் அறையை ஓவியத்துக்கென்றே ஒதுக்க வேண்டும். நாள் முழுவதும் அதிகம் மாறாத ஒளி அந்தத் திசையில் கிடைக்கிறது. நான்காவதாக, பாடத்திட்டக் குழுவில் பகுதிநேர ஆசிரியருக்கும் ஓர் இருக்கை வேண்டும். என்ன கற்பிப்பது என்று முடிவெடுக்கும் அறைக்குள் கற்பிப்பவர் இல்லாதிருப்பது எந்தப் பாடத்துக்கும் நல்லதல்ல. இவற்றுள் எதற்கும் புதிய கட்டடமோ பெருந்தொகையோ தேவையில்லை.

ரஸ்கினின் ‘கடையனுக்கும் கதிமோட்சம்’ என்ற தலைப்பு, திராட்சைத் தோட்டத்துக்குக் கடைசி மணி நேரத்தில் வேலைக்கு வந்தவருக்கும் முழுக் கூலி கொடுத்த உரிமையாளரின் விவிலியக் கதையிலிருந்து வந்தது. மணிக்கணக்கால் மட்டும் ஒருவர் உழைப்பை அளக்க முடியுமா என்பதே அந்நூல் எழுப்பும் கேள்வி. அக்கேள்வியை எழுப்பியவரே ஓவிய ஆசிரியருக்கு அறக்கட்டளையும் வைத்தார்.

மலைக்கோட்டைப் படிகளில் ஏறும் வழியில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகை இருக்கிறது. கங்கையைச் சடையில் ஏற்கும் சிவனின் உருவம் அங்கே கல்லில் நிற்கிறது. அந்த அரசனின் பட்டப்பெயர்களில் ஒன்று ‘சித்திரகாரப்புலி’. தன்னை ஓவியன் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பேரரசன் பெருமைகொண்ட ஊர் இது.

செம்பருத்தி வரைந்த மாணவி இப்போது மூன்றாம் ஆண்டில் இருக்கிறார். சென்ற வாரம் தாழ்வாரத்தில் என்னைக் கண்டு, தாம் சேகரித்த செடிகளின் ஓவியங்கள் நிறைந்த நோட்டு ஒன்றைக் காட்டினார். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் எல்லாவற்றிலும் ஒரே குறை இருந்தது. “அடுத்த பருவத்தில் இதைச் சரிசெய்துவிடலாம்” என்றேன். சொன்ன பிறகுதான், அடுத்த பருவத்துக்கான ஆணை எனக்கு இன்னும் வரவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அங்கேயே சுவரோரம் நின்று, அவருடைய பென்சிலை வாங்கி, அந்த ஓர் இடத்தை மட்டும் திருத்திக் காட்டினேன்.